மாப்பிள்ளைக்கு வைக்க வேண்டிய துண்டு

எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் நின்றுபோன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிளினிக்கிலிருந்து வந்த கையோடு மனைவி குசினிக்குள் போனாள். காலையில் பிழிந்து வைத்திருந்த பாலைச் சட்டியோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இனி இந்த வீட்டில பால் கறியும் இல்ல, மாட்டிறைச்சியும் இல்ல. கதை முடிஞ்சி."

கதை முடிஞ்சுதான் போனது. அவளிடம் யார் வாய் கொடுப்பது?

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எனக்குப் பழைய சொந்தக்காரன். கொஞ்சம் கொஞ்சமாக அது என் நரம்புகளைத் தின்றிருந்தது. முதலில் பாதம். பகலெல்லாம் மரத்துக் கிடக்கும், படுத்தால் நெருப்பாய் எரியும். பிறகு கை விரல்கள். மதுரங்குளிச் சந்தியில் எனக்குப் புடவைக் கடை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே பருத்தியா பொலியெஸ்டரா என்று சொல்லுவேன். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை துணியை நீட்டி, அண்ணன் முறை வைத்து, "நானா, இது கழுவினா சுருங்குமா?" என்று கேட்டாள். விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடதாசியைத் தடவியது போலத்தான் இருந்தது. "சுருங்காது தங்கச்சி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொலஸ்ட்ரோலும் வந்து சேர்ந்தது. டொக்டர் இரவுக் குளிசை ஒன்று தந்தார். அதைப் போடத் தொடங்கியதும் தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒரு நோவு. எது நரம்பு நோவு, எது குளிசை நோவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டொக்டர் குளிசையின் அளவைக் குறைத்துவிட்டு, மீதியை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சாப்பாட்டை மாற்று, தினமும் நட. டொக்டர் சிங்களத்தில் சொன்னார், நேர்ஸ் தமிழில் சொன்னாள், மனைவி வீட்டில் மறுபடியும் சொன்னாள். மூன்று தரம் கேட்டும் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. காலே இல்லாதவன் மாதிரி இருக்கிறேன், என்னை நடக்கச் சொன்னால் எப்படி?

ஆனால் நடந்தேன். அதற்குக் காரணம் டொக்டர் இல்லை, மகளின் கலியாணம்.

எனக்கு ஒரே மகள். நோன்பு முடிந்து அடுத்த மாதம் நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தோம். எங்கள் பக்கத்துக் கலியாணச் சாப்பாடு சஹனில்தான். பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து கையால் சாப்பிடுவது. என் மனைவியின் குடும்பத்தில் இதற்கு ஒரு வழக்கமும் உண்டு. மாப்பிள்ளையின் சஹனில் பெண்ணின் வாப்பா அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் கை வைக்கும் முன்னர் இறைச்சியில் நல்ல துண்டாகப் பிய்த்து மாப்பிள்ளையின் பக்கம் வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது சும்மா விஷயமில்லை. என் கலியாணத்தில் நான் மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்த அகதிப் பொடியன். வந்து இறங்கிய தில்லையடியில் எனக்கென்று ஒரு கூரை இல்லை. மாமா அந்தத் துண்டைப் பிய்த்து என் பக்கம் வைத்தபோதுதான், இந்த ஊரில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று நம்பினேன். அந்தத் துண்டை வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தேன்.

அதை நான் என் மருமகனுக்குச் செய்ய வேண்டும். எனக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

மனைவியோடு பேரம் பேசினேன். கலியாணம் வரைக்கும் அவள் தருவதைத் தின்கிறேன், நடக்கச் சொன்னால் நடக்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்னை சஹனில் இருக்க விட வேண்டும்.

"கொலஸ்ட்ரோல் குறைஞ்சா இரிங்க" என்றாள். "குறையாட்டி உங்களுக்குத் தனிக் கோப்பையில குரக்கன் ரொட்டிதான். சம்பந்தி பார்த்துச் சிரிக்கட்டும்."

கலியாணச் சோற்றுக்கு நடுவே கேழ்வரகு ரொட்டி! சொன்னால் செய்யக்கூடியவள்.

தினமும் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு உப்பளப் பக்கமாக நடப்பேன். வெறும் செருப்போடு நடக்கக் கூடாது, கல் குத்தினாலும் தெரியாது என்று மூடின சப்பாத்து வாங்கித் தந்திருந்தாள். சாரமும் சப்பாத்துமாக நான் போவதைப் பார்த்து, பாண் கடைக்காரர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "என்ன நானா, பட்டாளத்துக்குச் சேர்ந்திட்டீங்களா?" களப்பின் கடல்நீர் மேலாக வரும் காற்று ஆளைத் தள்ளும். கால் எங்கே படுகிறது என்று தெரியாததால் கீழே பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். வானத்தைப் பார்த்தால் விழுந்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி உதறுவாள். போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மனுசன் காலை ஆட்டுக்காலைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாளே என்று கோபம் வரும். ஆனால் என் பாதத்தில் காயம் இருக்கிறதா இல்லையா என்பது என்னைவிட அவளுக்குத்தானே தெரியும். மற்றக் காலையும் நீட்டுவேன்.

அவித்த மீன், வல்லாரைச் சம்பல், தண்ணீராய் ஓடும் பருப்பு. நோன்புக் கஞ்சியைக் கூட இறைச்சியும் பாலும் இல்லாமல் காய்ச்சித் தந்தாள். யா அல்லாஹ், அது கஞ்சியா? பள்ளியில் எல்லோரும் மணக்க மணக்கக் குடிக்க, நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பிளாஸ்கைத் திறந்துகொண்டு மூலையில் இருப்பேன். அழுகைதான் வரும்.

கலியாணம் நெருங்கியபோது ஒரு நாள் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தோல் உரித்த கோழித் துண்டு ஒன்றை எலும்பிலிருந்து பிய்க்கப் பார்த்தேன். விரல் மடங்குகிறது, ஆனால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று தெரியவில்லை. இறுக்கினால் துண்டு வழுக்கிப் பறந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொலஸ்ட்ரோலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, இந்தக் கையைப் பற்றி நினைக்கவே இல்லை.

மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த நாள் பெரிய தட்டு ஒன்றில் சோற்றைப் போட்டு, நடுவில் கோழியை வைத்து, எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"நான் மாப்பிள்ளை. வைங்க பார்ப்போம்."

"நீ மாப்பிள்ளையா? தாடியைக் காணல்லியே?"

"கதைக்காம வைங்க."

ஒவ்வொரு நாளும் இதே ஒத்திகை. சில நாள் சரிவரும். அன்றைக்கு அவள் அந்தத் துண்டைப் பெரிய மாப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து சாப்பிடுவாள், நான் சிரிப்பேன். பல நாள் துண்டு தரையில் விழும். விழுந்த உணவை விடக்கூடாது, எடுத்துத் துடைத்துத் தின்ன வேண்டும் என்று சின்ன வயதிலேயே ஓதித் தந்திருக்கிறார்கள். ஆனால் தரையில் கிடப்பதைப் பொறுக்கவும் எனக்கு விரல் வேண்டுமே. நான் தடுமாறி எடுப்பதற்குள் பூனை கவ்விக்கொண்டு ஓடிவிடும். அந்த மாதம் எங்கள் வீட்டுப் பூனை நன்றாகக் கொழுத்தது.

கலியாணத்துக்கு முன்பு கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டொக்டர் முகம் மலர்ந்தார். "ஹரி ஹொந்தய்!" என்று சிங்களத்தில் மெச்சித் தட்டிக்கொடுத்தார். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. சீனியும் பரவாயில்லை. கலியாணத்தன்று கொஞ்சம் இறைச்சி சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டார். நான் கையை நீட்டினேன். இது எப்போது சரிவரும் என்று கேட்டேன். அவர் என் விரல்களைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. நேர்ஸ்தான் மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, போனது திரும்பி வாறது கஷ்டம். இருக்கிறதைக் காப்பாத்தப் பாருங்க."

அத்தனை நாள் வாயைக் கட்டினேன், உப்புக் காற்றில் நடந்தேன். எதைச் சொன்னார்களோ அதைச் செய்தேன், சொன்னபடியே பலனும் கிடைத்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பலன் இல்லையே! பஸ்ஸில் வரும்போது மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பந்தலில் பாய் விரித்து வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். மனைவியின் தம்பி, என் மச்சான், பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எதிரில் சம்பந்தி. மற்ற மூன்று பேரும் அவர்கள் பக்கத்து ஆட்கள். சஹன் வந்தது. மூடியைத் திறந்ததும் மாட்டிறைச்சி வாசம் மூக்கில் ஏறியது.

"நானாக்குக் கொழுப்பெல்லாம் இறங்கிட்டாம்" என்று சம்பந்தி பகிடி பண்ணினார். "எங்கட வீட்டுக்கு வாங்க, திருப்பி ஏத்தி விடுறோம்." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கை வைக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தை மச்சான் சொல்லி வைத்திருந்தான்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தேன். துண்டைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன், விரல் வழுக்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருக்கலாம். சம்பந்தி தாழ்ந்த குரலில், "நானா, கரண்டி ஒண்டு கொண்டு வரச் சொல்லவா?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. "வேணாம்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, உள்ளங்கையையே கொடுத்து அழுத்தி இழுத்தேன். துண்டு வந்தது. சோற்றின் மேலாக மாப்பிள்ளையின் பக்கம் தள்ளினேன். எவ்வளவு தள்ளுகிறேன் என்று கை சொல்லவில்லை. துண்டு தட்டின் விளிம்பைத் தாண்டிப்போய், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் பாயில் விழுந்தது.

"விடுங்க மாப்பிள்ளை" என்றேன். "வேற துண்டு இரிக்கு."

அவர் விடவில்லை. பாயிலிருந்து எடுத்தார், ஒட்டியிருந்ததைத் துடைத்தார், பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டு மென்றார். பிறகு நடுவிலிருந்து ஒரு துண்டைத் தன் விரல்களால் சுலபமாகப் பிய்த்து என் பக்கம் வைத்தார்.

"சாப்பிடுங்க மாமா."

அந்தத் துண்டைப் பார்த்தேன். மாதக் கணக்காக நான் கனவு கண்ட மாட்டிறைச்சி. எடுக்கப் பார்த்தேன். விரல்கள் அதன் மேல் சும்மா படுத்துக் கிடந்தன. இன்னொரு தரம் எடுக்கப் பார்த்தேன். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். பந்தலுக்கு அப்பால் பெண்கள் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது, யாரையோ தண்ணீர் கொண்டுபோகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழும்பிப் போகவும் என்னால் முடியாது. தரையில் இருந்துவிட்டால் என்னைத் தூக்கிவிட ஆள் வேண்டும்.

மாப்பிள்ளை அந்தத் துண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் வாயைத் திறந்தேன்.