பழைய காலைக் கொடுத்தால்தான் புதுக் கால்

முருகனடியார்களே, வெள்ளிக்கிழமை பஜனையில் நீங்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். இளவயதில் எல்லைக் காட்டில் கண்ணிவெடியை மிதித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். வலது கையும் அன்றே விளங்காமல் போனது, ஊன்றுகோல்கூடப் பிடிக்க முடியாது. செயற்கைக் கால்தான் அவருக்கு எல்லாம். சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம் அதில் விரிசல் விட்டது. உரசி உரசிப் புண். சர்க்கரை வேறு. "சீக்கிரம் கால மாத்துங்க ஆன்ட்டி. இல்லாட்டி முட்டிக்கு மேல வெட்டணும்" என்றார் டாக்டர். பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன்.

புதுக் கால் கொடுக்க வேண்டியது முன்னாள் வீரர்களுக்கான அலுவலகம். தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில், மூன்றாம் மாடி. கால் இல்லாதவர்கள் வருகிற இடத்தில் லிஃப்ட் பழுது! சீ! ஒருமுறை விண்ணப்பப் பாரம் தப்பு என்றார்கள். அடுத்த முறை டாக்டர் கடிதம் பழசு என்றார்கள். அதை மேசையில் போட்டுப் பழசாக்கியது யார்? கடைசியில், பழைய காலை முதலில் ஒப்படைக்க வேண்டும், புதியது வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். நான்கு மாதம் அவர் படுத்தே கிடக்க வேண்டுமாம்.

நான் வாயில்லாப் பூச்சி. செவ்வாய்தோறும் விரதமிருந்து, தண்ணீர்மலைக் கோயில் படியேறி, "அப்பா முருகா, எனக்குப் பொறுமையைக் குடு" என்று அழுதேன். புண் பெரிதானதுதான் மிச்சம். நீயும் கல்தானா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

ஒரு புதன்கிழமை மறுபடி போனோம். கவுண்டரில் நம் தமிழ்ப் பெண்தான். இவரோ மேலிடம் சொன்னால் கேட்டே பழகியவர். அங்கேயே காலைக் கழற்றி, "எடுத்துக்கம்மா" என்று வைத்தார். அவள் மூக்கைச் சுளித்து, டிஷ்யூவால் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.

"ஓகே அங்கிள், சைன் பண்ணிட்டு வீட்டுக்குப் போலாம்."

"எப்படிம்மா போவாரு?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல லா, ஆன்ட்டி."

அவ்வளவுதான். எனக்குள் என்ன புகுந்ததோ! "மூணு மாடி நொண்டியடிச்சு எறங்குவாரா? எந்த ரூல்டி இது? எழுத்துல காட்டு! காட்டுற வரைக்கும் நகர மாட்டேன்!" என்று கத்தி, காலை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய அதிகாரி ஓடி வந்து கோப்புகளைப் புரட்டினார். அப்படியொரு விதியே இல்லை! இரவல் கொடுக்கும் சக்கர நாற்காலிக்கு உள்ள விதியை யாரோ காலுக்கும் சேர்த்துவிட்டார்களாம். "சின்னக் குழப்பம்" என்றார் மலாய் மொழியில். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. இவர் பழைய காலையே மறுபடி மாட்டிக்கொள்ள, வெளியே வரும்போது, சேவை எப்படி என்று சிரித்த முகப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தூ!

ஆனால் அன்றே விண்ணப்பத்தில் கையெழுத்தானது. மூன்றாம் வாரம் புதுக் கால் வந்தது. புண் ஆறியது. முட்டி தப்பியது.

நான் கேட்ட பொறுமையை முருகன் கொடுக்கவே இல்லை. வாயைக் கொடுத்தான். அவனுக்குக் கோடி நமஸ்காரம்.

போன வாரம் நிபோங் திபால் ஊரிலிருந்து ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். அவர் கணவரும் வீரர்தான். காலை ஒப்படைத்துவிட்டு ஐந்து மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். அக்காவைக் கூட்டிக்கொண்டு அதே மூன்று மாடி ஏறினேன். என்னைப் பார்த்ததும் அந்தக் கவுண்டர் பெண் எழுந்து நின்றாள்.

உங்களில் யாராவது அந்த வரிசையில் தனியாக நின்றால் சொல்லுங்கள். நான் வருகிறேன். முருகன் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நிற்பான்.