காலுக்குள் இருந்த கங்காணி

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குக் கிளம்பும் நேரம். களத்தின் நடுவே கொழுந்து லோரி உறுமிக்கொண்டு நின்றது. அண்ணன் கியரைப் போட்டுவிட்டார், கைப்பிரேக்கையும் இறக்கிவிட்டார். வண்டி மட்டும் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் காரணம் தெரிந்தது. அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் ஊன்றி இறுகிப்போயிருந்தது. தொடையை இரண்டு கையாலும் பிடித்து, கனத்த மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார். கால் வரவில்லை. டிராக்டர் ஓட்டுகிறவர் வெளியிலிருந்து, “என்னலா, புருசன் வீட்டுக்குப் போகமாட்டேன்னு அடம்பிடிக்கிற பொண்ணாட்டம் நிக்குது ஒன் லோரி?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்தக் குளிரில் அவருடைய சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அது நடந்தது. விடாமல் மழை பெய்த ஒரு நாள், மேல் மலையிலிருந்து கொழுந்து ஏற்றிக்கொண்டு ஆலைக்கு இறங்கும்போது, வளைவில் ரோட்டின் ஓரம் அப்படியே சரிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. லோரியின் பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. மேட்டில் ஆட்களை மேற்பார்த்து நின்ற கங்காணி, “காலை எடுக்காதே! பிரேக்கை உட்டுறாதே!” என்று தொண்டை கிழியக் கத்தினார். கூட இருந்த ஆள் மெல்ல இறங்கித் தப்பினார். டிராக்டரைக் கொண்டுவந்து கம்பிக் கயிற்றைக் கட்டி இழுக்கும்வரை அண்ணன் அந்தக் காலை எடுக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. லோரியைப் பழுது பார்த்தார்கள், ரோட்டையும் கட்டினார்கள். அண்ணனின் கால் மட்டும் அந்த வளைவிலேயே நின்றுவிட்டது.

எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. “மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம் மேனேஜரு. அதுக்கப்புறம் வேற டிரைவரத் தேடிருவாங்க தம்பி” என்று என்னிடம் ரகசியம்போலச் சொன்னார். டிரைவர் வேலை போனால் வீடும் போகும். எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு வேலை செய்கிறவர் பேரில்தான் இருக்கும். அம்மா முட்டி வலியால் கொழுந்து வேலையை எப்போதோ விட்டுவிட்டார். நானோ பட்டம் வாங்கிக்கொண்டு வந்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தக் கால் மிதித்த மிதியில்தான் நான் படித்தேன். அது நின்றுபோனபோது என் படிப்பால் அதை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை.

டவுன் கிளினிக்குக்கு மனநல ஆலோசகராக ஒரு மேடம் மாற்றலாகி வந்திருந்தார். ஈப்போ பக்கத்துத் தமிழ்ப் பெண். எப்போதும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். அண்ணன் தனியாகப் போகமாட்டேன் என்றதால் நானும் கூடவே உட்கார்ந்தேன். முதல் நாள் அண்ணன் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். கிளம்பும் நேரத்தில் மேடம் ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டி, “கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியப் பாத்திருப்பீங்கல்ல? மொட்டையா, செத்த மாதிரி நிக்கும். ஆனா வேர் உள்ள உயிரோட இருக்கும், மறுபடி துளிர்க்கும். நீங்க இப்ப அந்தச் செடி” என்றார். அண்ணனின் முகம் தெளிந்துவிட்டது. அந்தப் பேச்சு எனக்கும் ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாளிலிருந்து அண்ணன் லோரிப் பக்கமே போகவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு, “மேடமே சொல்லிட்டாங்க. வெட்டின செடிகிட்ட யாராச்சும் கை வெப்பாங்களா? தழைஞ்சு வர்ற வரைக்கும் உட்டுறணும்லா” என்றார். எஸ்டேட்டில் அதுதான் முறை. கவ்வாத்து வெட்டிய மலையில் மாதக்கணக்கில் யாரும் கொழுந்தெடுக்கப் போவதில்லை. அம்மாவும் அக்கம்பக்கத்தில், “புள்ளைக்கு இப்ப கவ்வாத்துக் காலம்” என்று சொல்லி வைத்தார். நாட்கள் நழுவிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு குடும்பம் வந்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். உண்மையா, வெறும் பேச்சா என்று தெரியாது.

நான் ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். பிறகு, “நான் கொடுத்த படம் எனக்கு ஒண்ணச் சொல்லுச்சு, அவருக்கு வேற ஒண்ணச் சொல்லிருக்கு. இனிமே என் படம் வேணாம். அவர்கிட்ட என்ன படம் இருக்குன்னு கேப்போம். அழைச்சிட்டு வாங்க” என்றார்.

இரண்டாவது முறை மேடம் எந்த உவமையும் சொல்லவில்லை, கேட்டார். கால் பிரேக்கில் இருக்கும்போது எப்படி இருக்கிறது? அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காலுக்குள்ள ஒரு ஆள் நிக்கிற மாதிரி” என்றார். யார் என்றதற்கு, “கங்காணி” என்றார். நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்தேன். மேடம் சிரிக்கவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தார்.

“என்ன சொல்றாரு?”

“எடுக்காதே, எடுக்காதேன்னு கத்துறாரு.”

“அன்னைக்கு அவரு சொன்னது சரிதானே?”

“சரிதான் மேடம். எடுத்திருந்தா நான் இல்ல.”

“அப்ப ஏன் இன்னும் நிக்கிறாரு?”

அண்ணன் குனிந்து வலது முட்டியைத் தடவினார். பிறகு, எனக்கு இன்றும் காதில் இருக்கும் ஒரு குரலில், “வேலை முடிஞ்சிச்சுன்னு அவருக்கு யாரும் சொல்லலையே” என்றார்.

சொன்னால் நம்புவாரா என்று மேடம் கேட்டார். நம்பமாட்டார், கட்டின ரோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். அன்று மாலையே இருவரும் வளைவுக்கு நடந்தோம். சரிந்த இடத்தில் கம்பிக் கூட்டுக்குள் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அண்ணன் அதன் மேல் ஏறி நின்று வலது காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மாதம் முடிய இருந்தபோது அவர் லோரியை எடுத்தார். கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். களத்தை விட்டு வண்டி நகர்ந்தது. மேலே போய்க் கொழுந்து ஏற்றினோம். இறங்கும்போது மூடுபனி கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டது. வளைவு வந்தது. கால் பிரேக்கில் விழுந்தது. சரிவில் லோரி குலுங்கி நின்றது. பின்னால் ஆட்களை ஏற்றி வந்த வண்டி ஹார்ன் அடித்தது, மறுபடியும் அடித்தது. ஆலையில் கிராணி கொழுந்துக்காகக் காத்திருப்பார், மேனேஜரும் அன்று அங்கேதான் இருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும்போல நாக்கு துடித்தது. என்ன சொன்னாலும் அது என்னுடைய படமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அண்ணனின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அவர் குனிந்து, கத்தாமல், ஒரு மூத்த ஆளிடம் பேசும் மரியாதையோடு காலிடம் பேசினார்.

“கங்காணியாரே, ரோட்டத்தான் பாத்தாச்சுல்ல. அங்க நிக்காதீங்க, மேல வந்து பக்கத்துல உக்காருங்க. ரோட்ட நீங்க பாத்துக்குங்க. காலு எனக்கு வேணும்.”

பிறகு என்னைப் பார்த்தார். கண்ணில் விளையாட்டு இல்லை.

“தள்ளி உக்காருடா.”

நான் கதவோரம் ஒடுங்கினேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. அண்ணன் மூச்சை விட்டார். கால் எழுந்தது. சக்கரங்கள் கல் சுவரை ஒட்டி, நத்தைபோல, வளைவைக் கடந்தன.

வீடு நிலைத்தது. நான் பிரிஞ்சாங் டவுன் பள்ளியில் ஆசிரியராகிவிட்டேன். மேடம் மாற்றலாகிக் கீழே போய்விட்டார். போகும் முன் அவர், பயம் போய்விட்டதா என்று கேட்டதற்கு அண்ணன், “போகல மேடம். எடம் மாறி உக்காந்திருக்கு” என்றார். வகுப்பில் பேசவே பயப்படும் பிள்ளைகளிடம் உவமை சொல்ல எனக்கும் வாய் வரும். சொல்லாமல், அந்தப் பயம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனால் அண்ணனோடு லோரியில் மலைக்குப் போவேன். களத்தில் யாரும் இப்போது அவரைக் கேலி செய்வதில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு வருகிறவர், அந்த வளைவில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறார். நடு இடம் எப்போதும் காலிதான். சோற்றுத் தூக்கைக்கூட அங்கே வைப்பதில்லை, என் மடியில் கொடுத்துவிடுகிறார். சூடு தொடையில் ஏற, கதவை ஒட்டி, நான் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.