யூரோப்பாவுக்கு நான் அனுப்பிய கலம்

போன வாரம் பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் செல்போனில் ஏதோ காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். வியாழன் கோளின் நிலா ஒன்றை நோக்கி ஒரு விண்கலம் போய்க்கொண்டிருக்கிறதாம். அங்கே பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கிறதாம். யூரோப்பா என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்குச் சூடான கம்பியில் தெர்மாகோல் கருகும் வாடை அடித்தது. பேருந்தில் எதுவும் கருகவில்லை. என் மூக்கு பல வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கும் வாடை அது. கூடவே சண்முகம் சார் முகமும் வந்தது. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பல் என்றதும் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏரியூர்ப் பக்கம் எங்கள் காட்டு போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். அதில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் அதைக் குடித்தால் பல் பழுப்புக் கோடுகளோடுதான் முளைக்கும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால், கல்லூரிக்குப் போகும்வரை அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எலுமிச்சை, உப்பு, அடுப்புக்கரி என்று எல்லாவற்றையும் வைத்துத் தேய்த்தேன். ஈறு புண்ணானதுதான் மிச்சம். மாதா கோயில் பாட்டுக் குழுவில் உதட்டைக் குவித்தே பாடுவேன். ‘அல்லேலூயா’வை அப்படிப் பாடிப் பாருங்கள், கஷ்டம் தெரியும்.

படிப்பு முடிந்ததும் பென்னாகரத்துக்கு வெளியே ஒரு சின்னத் தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. சண்முகம் சார் அங்கே துணைத் தலைமையாசிரியர். பவானிக்காரர், ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த வெள்ளைப் பல். மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கும் குரல். அவர் படித்து நான் பார்த்தது காலண்டர் தாளை மட்டும்தான். இதைச் சொல்வதில் எனக்கு இப்போதும் ஒரு சுகம் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் அறிவியல் விழாவுக்கு, விண்வெளித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் வருவதாக இருந்தது. வேற்று உலகங்களில் தண்ணீர், அங்கே உயிருக்கு வாய்ப்பு உண்டா என்பது என் பேச்சு. இரண்டு மாதம் படித்தேன். சூடான கம்பியால் தெர்மாகோலை வெட்டி யூரோப்பாவைச் செய்தேன். மேலே பனிக்கட்டி ஓடு, அதற்குள்ளே நம் பூமியின் கடல்களைவிட அதிகத் தண்ணீர். வியாழனின் இழுப்பில் அந்த நிலா கசங்கிக் கசங்கி உள்ளே சூடு உண்டாகிறது, அதனால்தான் அந்தக் கடல் உறையவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போதும் இதையே முணுமுணுப்பேன்.

விழாவுக்கு முதல் நாள், ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது சண்முகம் சார் சொன்னார்.

“டீச்சர், பேச்ச நான் பாத்துக்கறேன். நீங்க மேடையில வாயத் தொறந்தா வந்தவரு யூரோப்பாத் தண்ணிய வுட்டுட்டு நம்ம ஊருத் தண்ணியப் பத்திக் கேப்பாரு. குறிப்ப மட்டும் எழுதிக் குடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உதட்டை மூடிக்கொண்டு. அவர் சொன்னதைவிட, நானும் சேர்ந்து சிரித்ததைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். முதல் இரண்டு பக்கம் சுத்தமான உண்மை. மூன்றாம் பக்கத்தில், ஒரு கலம் யூரோப்பாவில் இறங்கிப் பனியைத் துளைத்து எடுத்த தண்ணீரில் நுண்ணுயிர்களின் அசைவு தெரிந்தது என்று எழுதினேன். பொய் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது என்று மூன்று முறை திருத்தினேன். அவ்வளவு அக்கறையோடு நான் பாடக் குறிப்புகூட எழுதியதில்லை.

மறுநாள் சண்முகம் சார், இது தன்னுடைய இரண்டு மாத ஆராய்ச்சி என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். அது நான் எதிர்பார்க்காத வரம். மூன்றாம் பக்கத்தை அந்தப் பெரிய குரலில் முழங்கி முடித்ததும், விஞ்ஞானி மெதுவாகக் கேட்டார்.

“எந்தக் கலம் சார் அங்க எறங்குச்சு? எனக்குத் தெரியாதே.”

சண்முகம் சார் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுதிய குறிப்பு என்று சொன்னால், சற்றுமுன் அடித்த பெருமை போய்விடும். சொல்லாவிட்டால் பொய் அவருடையதாகிவிடும். மறுபடியும் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அவர் வாயைத் திறந்துவிட்டால் என் வேலை போய்விடும் என்று எனக்கும் தெரியும். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

“இதுவரைக்கும் எந்தக் கலமும் அங்க எறங்கலைங்க சார்” என்றேன்.

உயிர் இருக்க வாய்ப்பு உண்டா என்று விஞ்ஞானி என் பக்கம் திரும்பிக் கேட்டார். நமக்குத் தெரிந்து உயிர் இருக்கும் இடம் பூமி ஒன்றுதான், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது என்றேன். அப்புறம் வாயை நன்றாகத் திறந்தே சொன்னேன்.

“தண்ணி இருக்குதாங்கறது பாதிக் கேள்விதாங்க சார். அதுல என்ன கரைஞ்சிருக்குதுங்கறது மீதி. எங்கூர்லயும் தண்ணி இருக்குதுங்க. அதக் குடிச்சுத்தான் எங்க பல்லு இப்படி.”

விஞ்ஞானி சிரிக்கவில்லை. என்னை மேடைக்கு அழைத்து மீதியைப் பேசச் சொன்னார். சண்முகம் சார் இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

அதோடு விட்டேனா? எட்டாம் வகுப்பில் அவரை ‘யூரோப்பா சார்’ என்று ஒரு தடவை, வாய் தவறியதுபோலச் சொன்னேன். ஒரே வாரத்தில் பள்ளி முழுக்க அதுவே பெயராகிவிட்டது. கோடை விடுமுறையில் அவர் வேலையை விட்டார். போகும் அன்று ஆய்வுக்கூட வாசலில் நின்று கேட்டார்.

“அந்த மூணாம் பக்கத்த வேணும்னுதான எழுதுனீங்க?”

“ஆமாங்க சார்.”

தலையாட்டிவிட்டுப் போனார். பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைப்பீர்கள். நான் உள்ளே போய் டீ குடித்தேன்.

அந்தப் பள்ளி இப்போது கல்யாண மண்டபம். எங்கள் ஊர் போர்வெல் குழாயைக் கழற்றி வெகுநாளாகிறது. ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வீட்டுக்கே வருகிறது. சண்முகம் சார் இரண்டு வருடம் முன்பு பவானியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில் கீழ் வகுப்புப் பிள்ளைகள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். பல்லெல்லாம் வெள்ளை. ஒருநாள் இந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். கலம், பொய், யூரோப்பா சார் எல்லாம் புரிந்து கைதட்டினார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, “அந்த சாரு உங்கள என்னதான் மிஸ் திட்டுனாரு?” என்று கேட்டாள்.

ஊர்த் தண்ணீர், பழுப்புப் பல் என்று எவ்வளவோ விளக்கினேன். அவளுக்குப் புரியவே இல்லை.