நாலாம் கற்பனையும் கறிக்கொளம்பும்

எங்க வீட்ல ஒரு மாசம் ஞாயித்துக்கிழமைக் கறிக்கொளம்பு நின்னுபோச்சு. அதுக்குக் காரணம் நான்தான். அக்கா இன்னிக்கும் மறக்கல. அவ புள்ள ஞானஸ்நானத்தன்னிக்குக்கூட சொந்தக்காரவுக எல்லாரையும் வச்சுக்கிட்டு அதச் சொல்லிக் காட்டுனா.

அப்பாவுக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில பேக்கிங் வேலை. தீவாளி சீசன்ல லோடு மேல லோடு ஏறும், ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லுவாக. தெருவே போகும். எங்கப்பா மட்டும் போக மாட்டாக. "கர்த்தர் ஓய்வா இருன்னு சொல்லிருக்காரு. மொதலாளி அவருக்கும் மேலயா?"ன்னு கேப்பாக. அதே சட்டம் வீட்டுக்குள்ளயும் உண்டு. துணி தொவைக்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது, அம்மா வாரம் பூரா சுருட்டுற வெடிக்குழாய்ப் பேப்பரத் தொடக் கூடாது, நான் கிரிக்கெட் மட்டையத் தொடக் கூடாது.

கறிக்கொளம்புக்கு மட்டும் தடை கிடையாது. கோயில் விட்டு வந்ததும் அம்மா சேலைய மாத்திட்டு அடுப்படிக்குள்ள போயிருவா. நாங்க மூணு பேரும் ஃபேனுக்குக் கீழ ஓய்வா இருப்போம். நாங்க தின்னு கை கழுவுன பெறகுதான் ஆறிப்போன சட்டிய வழிச்சுக்கிட்டு அவ ஒக்காருவா.

நான் அஞ்சாவது படிக்கையில, ஓய்வுநாள் பள்ளியில பத்துக் கற்பனையில, அதான் பைபிள்ல வர்ற பத்துக் கட்டளையில, ஆளுக்கொண்ண மனப்பாடம் பண்ணச் சொன்னாக. கொலை, களவுன்னு ஒத்தை வரியில முடியிறதெல்லாம் வாத்தியார் மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் போயிருச்சு. எனக்கு வாச்சது நாலாவது, ஓய்வுநாளப் பத்தினது. ரயில் மாதிரி நீளம்.

சாப்பிடுற நேரத்துல அப்பா ஒப்பிக்கச் சொன்னாக. ஓய்வுநாளன்னிக்கு யாரெல்லாம் வேலை செய்யக் கூடாதுன்னு அதுல வரிசையா வரும். நீ, ஒம் மகன், மக, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு கன்னு, வீட்டுக்கு வந்த அந்நியன் வரைக்கும். ஒப்பிச்சு முடிச்சும் எனக்கு வாய் சும்மா இருக்கல.

"யப்பா, மாடுகூட லிஸ்ட்ல இருக்கு. அம்மாவக் காணமே?"

அடுப்படியில கரண்டிச் சத்தம் நின்னுச்சு. அப்பா கையில எடுத்த எலும்பத் தட்டுலயே வச்சாக. கையக் கழுவிட்டு வந்து, பைபிள்ல அந்த எடத்த விரல் வச்சு ரெண்டு தடவை வாசிச்சாக.

அடுத்த ஞாயிறு தட்டுல பழைய சோறும் வெங்காயமும். "இனிமே இந்த வீட்ல அம்மாவுக்கும் ஓய்வு"ன்னுட்டாக. அக்கா எந்தொடையில கிள்ளுன கிள்ளு மூணு நாளு செவந்து கெடந்துச்சு. "ஏலே, திங்கிறப்ப மாட்டையும் மனுசியையும் எண்ணச் சொல்லி ஒன்ன யாரு கேட்டா?"

அம்மாவுக்கு ஓய்வா இருக்கத் தெரியல. சேர்ல ஒக்காருவா, எந்திரிப்பா, திரும்ப ஒக்காருவா. பேப்பர் இல்லாமலே வெரலு குழாய் சுருட்டும்.

நாலு வாரம் தாங்குனேன். அப்புறம் நேரா ஐயர்கிட்டயே போயிட்டேன். எங்க சபையில போதகர அப்படித்தான் கூப்பிடுவோம். "ஐயரே, எங்க வீட்ல கறி நின்னு ஒரு மாசமாச்சு. ஒரு ஜெபம் பண்ணுங்க"ன்னேன். கதையக் கேட்டு அவுக சிரிச்ச சிரிப்புல மூக்குக் கண்ணாடி நழுவிருச்சு. "இந்த ஞாயிறு ஒங்க வீட்லதான் எனக்குச் சாப்பாடுன்னு அப்பாட்ட சொல்லு"ன்னாக.

சொன்னேன். அப்பாவுக்கு மூஞ்சி வெளிறிருச்சு. ஐயருக்குப் பழைய சோறு வைக்க முடியுமா? அம்மாவ ஆக்கச் சொன்னா போட்ட சட்டம் போச்சு. சனிக்கிழமையே கறி வாங்கி வச்சாச்சு. ஆக்குனதா ஓட்டல்ல வாங்கலாம்னா ஓட்டல்காரன் வேலை செய்யணும். ஞாயித்துக்கிழமை கோயில் விட்டு வர்ற வரைக்கும் அப்பாவுக்கு வழி தெரியல.

"நானே ஆக்கிப்புடுறேங்க"ன்னு அம்மா எந்திரிச்சா.

"நீ ஒக்காரு"ன்னுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்பா அடுப்படிக்குள்ள நொழஞ்சாக.

பதினஞ்சு வருசமா பட்டாசு கம்பெனியில இருந்த மனுசன். நெருப்பக் கண்டா பத்தடி தள்ளி நிக்கிற பழக்கம். அணுகுண்டு வெடிக்குத் திரி கொளுத்துற மாதிரி கைய நீட்டி, ஓடுறதுக்குத் தயாரா ஒரு கால பின்னால வச்சு, கேஸ் அடுப்பப் பத்த வச்சாக. அம்மா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிச்சா.

ஐயர் மொத வாய் வச்சதும் தண்ணிச் செம்பத் தேடுனாக.

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சுட்டேன் ஐயரே. பாவம்னா எந்தலையில இருக்கட்டும்"னாக அப்பா.

"வேலைய ஆண்டவரு பாத்துக்குவாரு. உப்புக்கு மட்டும் மனந்திரும்புங்க."

அன்னிக்கு அம்மாவும் எங்க கூடவே ஒக்காந்தா. அப்பாதான் பரிமாறுனாக. நான் ரெண்டு வாயிலயே தட்டத் தள்ளிட்டேன். அம்மா மட்டும் நல்லாப் பெசஞ்சு தின்னுட்டு, இன்னும் ரெண்டு கரண்டி கேட்டு வாங்குனா.

"யம்மா, உப்புக் கரிக்கலையா ஒனக்கு?"

"சூடா இருக்குலே"ன்னா.

நான் கேட்டது உப்ப. அவ சொன்னது சூட்ட. அம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு அக்கா காதுல சொல்லிச் சிரிச்சேன். அக்கா சிரிக்கல. அதிசயமா, கிள்ளவும் இல்ல.