பறித்த பிரம்பைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது

பிள்ளைகளே, சனிக்கிழமை காலையில் அப்பா பிரம்புக் கட்டோடு எங்கே போகிறார் என்று உங்கள் கூட்டாளிகள் கேட்டால், "ஜிம்முக்கு" என்று சொல்லிச் சமாளிக்கிறீர்கள். அது ஜிம் இல்லை. வெரிபீயில் ஒரு சின்ன மண்டபத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்புச் சண்டை பழக்குகிறேன். அதற்கு எஸ்கிரிமா என்று பெயர். கிடங்கில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் சாப்பாட்டு இடைவேளைகளில் எனக்குப் பழக்கியது. இப்போது அவர்தான் எங்கள் மாஸ்டர். ஞாயிறு வகுப்பு அவருடையது, சனி வகுப்பு என்னுடையது. சோதனை வைக்க மட்டும் சனிக்கிழமையும் வருவார்.

என் வகுப்பில் ஒரு அக்கா இருக்கிறார். எனக்கு அக்கா, உங்களுக்கு அன்ரி. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு இரும்பு மாதிரி. வந்த முதல் நாளே, "தம்பி, எனக்கு எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் வாய் வருது. இதையாவது பழகிப் பாப்பம்" என்றார்.

எதிராளியிடமிருந்து பிரம்பைப் பறிப்பதுதான் முதல் தரத்தின் முக்கியமான பாடம். அவர் தலைக்கு அடிக்க வருவார். உங்கள் பிரம்பால் தடுக்க வேண்டும். அதே நேரம் இடக்கையால் அவருடைய பிரம்பைப் பிடித்து, அவரது பெருவிரல் பக்கமாகத் திருப்ப வேண்டும். கைப்பிடியில் பெருவிரல் பக்கம்தான் பலம் குறைந்த பக்கம். சரியாகத் திருப்பினால் பிரம்பு தானாகவே உங்கள் கைக்கு வந்துவிடும். அக்கா இதை இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டார். வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்துவிட்டார், சோதனையில் பாஸானவர்களுக்குக் கொடுக்கும் தரச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து காட்டுவேன் என்று.

சோதனை நாள் வந்தது. மாஸ்டர் அடித்தார். அக்கா தடுத்தார், பிடித்தார், திருப்பினார். பிரம்பு வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. மாஸ்டர் சும்மா கையை நீட்டினார். அக்கா தன் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பறித்த பிரம்பை இரண்டு கையாலும் ஏந்தி, "இந்தாங்கோ" என்று பணிவாகக் கொடுத்தார்.

மாஸ்டர் அதை வாங்கி அக்காவின் தலையில் மெல்லத் தட்டினார். அவ்வளவுதான். தோல்வி.

மண்டபத்தில் சிரிப்பு. சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர், எல்லோரையும் கிண்டல் பண்ணுகிறவர், "என்ன ஆன்ட்டி, கோயில்ல பிரசாதம் குடுக்குற மாதிரி குடுத்துட்டீங்க!" என்றார். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் காலணி போடும்போது என்னைப் பார்க்காமல், "திங்கக்கிழமை அங்க என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். அவர் ஏன் கொடுத்தார்? அடுத்த சனிக்கிழமை வகுப்பைக் கவனித்துப் பார்த்தபோது பிடிபட்டது. எல்லோருமே கொடுக்கிறார்கள்! ஒருவர் பறிப்பார், உடனே திருப்பிக் கொடுப்பார், மற்றவர் திரும்ப அடிப்பார். நேரம் மிச்சம் என்று நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன். போதாததற்கு, யாருக்கும் எதையும் ஒற்றைக் கையால் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான், பறிக்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு கையால் ஏந்திக் கொடுத்துக் காட்டியிருக்கிறேன். பறிப்பதை ஒரு தடவை பழக்கினால், கொடுப்பதையும் ஒரு தடவை பழக்கியிருக்கிறேன். அக்கா நல்ல மாணவி. நான் காட்டியதை அப்படியே செய்தார்.

அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு வீட்டிலிருந்து உடுப்புக் கூடையைக் கொண்டுபோய் மேலதிகப் பிரம்புகளை அதில் போட்டு மூலையில் வைத்தேன். (அம்மா தேடிய கூடை அதுதான்.) இனிமேல் பறித்தவர் மூன்று அடி பின்னால் போக வேண்டும், பிரம்பைத் தரக் கூடாது. பறிகொடுத்தவர் கூடைக்கு நடந்துபோய் வேறொன்று எடுத்து வர வேண்டும்.

எல்லோருக்கும் பழகிவிட்டது. என்னோடு சோடியாக நின்ற அக்காவுக்குத்தான் கஷ்டம்.

"படிப்பிக்கிற ஆளிட்டப் பறிச்சுப்போட்டு வச்சிருக்கிறது மரியாதையோ தம்பி?"

"அக்கா, உங்கட மண்டையை உடைக்க வந்தவனுக்கு என்ன மரியாதை?"

"நீங்கள் எப்ப என்ர மண்டையை உடைக்க வந்தனீங்கள்?"

அதனால் அக்காவைக் கம்ப்யூட்டர்காரரோடு சோடி சேர்த்துவிட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி, "ஆன்ட்டி, ப்ளீஸ் ஆன்ட்டி, உங்க பையன் மாதிரி ஆன்ட்டி" என்று கெஞ்சுவார். முதல் நாள் அக்கா நாலு தடவை கொடுத்துவிட்டார். கொடுத்த நாலு தடவையும் தோளில் அடி விழுந்தது. அடுத்த மாதம் கொடுக்கவில்லை. கெஞ்சக் கெஞ்சப் பின்னால் போனார்.

மறுபடி சோதனை. மாஸ்டர் இந்த முறை வேகமாக அடித்தார். அக்கா தடுத்தார். இடக்கை போன வேகம் எனக்கே தெரியவில்லை. பிரம்பு வந்தது. மாஸ்டர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். அக்காவின் கை முன்னால் போகப் பார்த்தது, நான் கண்டேன். பேசக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் தலை குனிந்து ஆங்கிலத்தில் மரியாதையாகவே கேட்டார், தயவுசெய்து தாருங்கள் என்று.

பின்னால் ஒரு அடி. இரண்டு அடி. மூன்று அடி. இரண்டு பிரம்பையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு அக்கா தமிழிலேயே சொன்னார்:

"தர மாட்டன்."

மாஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது. கையைத் தட்டினார். கம்ப்யூட்டர்காரர் போட்ட விசிலில் பக்கத்து அறையில் யோகா செய்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சட்டையை அங்கேயே வாங்கி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார் அக்கா. மாஸ்டர் என்னிடம் வந்து, அந்தக் கூடை யோசனையை ஞாயிறு வகுப்புக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, "பாஸ்!" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸானது அவவோ, நீங்களோ? முகத்தைப் பாத்தா நீங்கள் மாதிரிக் கிடக்கு."

"அவதான்," என்றேன். பிறகு, பொய் சொல்லக் கூடாதே என்று, "நானும் கொஞ்சம்" என்றேன்.