கரியனின் சலங்கைப் பந்து

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில், நாய் பூனைகளுக்கான சாமான் விற்கும் கடையொன்றில், பந்து பந்தாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன், சந்தையில் தேங்காய் வாங்குகிறவள் மாதிரி. பக்கத்தில் திவ்யா. கம்பெனியில் எனக்கு அடுத்த மேசை. அவள் வீட்டு நாய்க்குச் சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. "அக்கா, கண்ணு தெரியாத நாய வளர்த்தவங்க நீங்க. நீங்களே பார்த்து எடுங்க" என்று இழுத்து வந்துவிட்டாள். நானும் பெரிய நிபுணர்போலக் கீச்சென்று கத்துவதை ஒதுக்கினேன், வழவழப்பானதை ஒதுக்கினேன். நான்காவது பந்துக்குள் மணி இருந்தது. ஆட்டியதுமே எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

"இது வேண்டாம் திவ்யா."

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்குது?"

நல்லாத்தான் இருந்தது. கரியனுக்கும் அதுதான் பிடித்தது.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டினத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில் லிப்டுக்குப் பயம், சூப்பர்வைசருக்குப் பயம், நெடுஞ்சாலையைத் தாண்டப் பயம். சூளகிரி பக்கம் ஒரு ஊரில், முனியப்பா அண்ணன் வீட்டின் முன் அறையில் நானும் மஞ்சுளாவும் வாடகைக்கு இருந்தோம். மஞ்சுளா என் லைனில் வேலை செய்தவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், எதற்கும் பயப்படாதவள். கரியன் யாருடைய நாயும் இல்லை. எங்கள் டிபன் பாக்ஸில் மிஞ்சியதைத் தின்றுவிட்டு வாசலிலேயே தங்கிவிட்டான். அவனுக்கும் பயந்தேன், ஒரு வாரம்.

இரண்டாம் வருஷம் அவன் கண்கள் பால் ஊற்றியது மாதிரி வெளுத்தன. மாட்டு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "பார்வை திரும்பாதும்மா. சத்தம் வர்ற, வாசம் வர்ற பொருளா குடுத்து விளையாட்டுக் காட்டுங்க. இல்லன்னா மூலையிலயே ஒடுங்கிடும்" என்றார். ஏற்கனவே ஒடுங்கத்தான் ஆரம்பித்திருந்தான். கட்டிலுக்கடியில் போனால் சோற்றுக்குக்கூட வருவதில்லை.

நாங்கள் செய்து பார்த்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. ரப்பர் பந்து உருண்டு நின்றதும் அவனுக்குக் காணாமல் போனது. கருவாட்டைத் துணியில் முடிந்து கொடுத்தோம், எறும்புகள் விளையாடின. கம்பெனியில் கழித்துப்போட்ட பருத்திக் கையுறைகளைச் சுருட்டி உருண்டை கட்டினேன். ஆயில் வாசத்தோடு என் கை வாசமும் அதில் இருந்ததாலோ என்னவோ, அதை மட்டும் கவ்வினான். ஆனால் தூரப் போட்டால் தேடத் தெரியவில்லை.

முனியப்பா அண்ணன் எங்கள் பாட்டைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் ஒரு எருது இருந்தது, தை மாதம் எருது விடும் விழாவில் ஓடுகிற எருது. விழா அன்று மட்டும் அதன் கழுத்தில் சலங்கைப் பட்டை ஏறும். மற்ற நாளெல்லாம் பட்டை இரும்புப் பெட்டிக்குள். அறுந்த பழைய பட்டையிலிருந்து ஒரு வெண்கலச் சலங்கையைக் கழற்றித் தந்து, "இத்த வெச்சுத் தைம்மா. செவுட்டு நாய்க்கே கேக்கும்" என்றார்.

கையுறை உருண்டைக்குள் வைத்துத் தைத்தேன். வாலே இல்லாத மாதிரி இருந்தவன், அந்தச் சத்தத்துக்கு வால் ஆட்டினான். சலங்கை எங்கே கிலுங்கினாலும் பாய்ந்து கவ்வினான். கரியன் பிழைத்துக்கொண்டான் என்று நான் அழுதேன், மஞ்சுளா கேலி செய்தாள். அந்தச் சலங்கை முதலில் யார் கழுத்தில் இருந்தது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தை பிறந்தது. விழா எங்கள் தெருவில்தான். தடுப்புக்கு மூங்கில் கட்டினார்கள், ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் எருதுகள் வந்து இறங்கின. "நாய உள்ள போட்டுப் பூட்டிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். அறைக்குள் தனியாக இருந்தால் கூச்சலுக்குப் பயப்படுவானே என்று, புத்திசாலி நான், வாசற்படியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் எருதை அவிழ்த்துவிட்டார்கள். கொம்பில் பரிசு கட்டிய அலங்காரத் தட்டி, கழுத்தில் சலங்கை. தெருமுனையில் சத்தம் எழுந்ததும் கரியனின் காது நிமிர்ந்தது. அடுத்து, வால் ஆடியது. என் வாழ்நாளில் நான் கண்ட மிகப் பயங்கரமான காட்சி அந்த வால்தான். பிடியை இறுக்குவதற்குள் துள்ளி, மூங்கிலுக்கடியில் நுழைந்து, நடுத்தெருவில் நின்றான். தன் பந்து வருகிறது என்று சிரித்த முகமாக நின்றான். நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சுளா உள்ளே ஓடிப் பந்தை எடுத்துவந்து தலைக்கு மேல் ஆட்டினாள். "கரியா! ராரா! இக்கட ரா!" இரண்டு பக்கமும் சலங்கை. அவன் தலை அங்கும் இங்கும் திரும்பியது. எருதின் மூச்சு அவன் முதுகில் பட்டிருக்கும்; அவ்வளவு கிட்டே அது வந்த பிறகுதான் அவள் குரல் வந்த பக்கம் பாய்ந்தான். மூங்கிலுக்கடியில் அவன் நுழைய, எருது புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஒரு கீறல்கூட இல்லை. அவன் அப்போதும் வாலாட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே சலங்கையைப் பிரித்துவிட்டேன். "வருஷத்துல ஒரு நாளுக்காகவா அக்கா? அன்னிக்குப் பூட்டி வெச்சாப் போதாதா?" என்று மஞ்சுளா சண்டை போட்டாள். நான் காதிலேயே வாங்கவில்லை. பாட்டிலில் துவரையைப் போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். இன்னும் இரண்டு வருஷம் இருந்தான். கையுறை உருண்டையை வாயில் கவ்வி ஒரு உதறு உதறுவான், காதை நிமிர்த்திக் காத்திருப்பான், மறுபடி உதறுவான். பிறகு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் கிடங்கு. முனியப்பா அண்ணன் எருதை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போய்விட்டார். மஞ்சுளா கல்யாணமாகிச் சித்தூர் பக்கம். தெரு நான்கு வழிச் சாலைக்குள் போய்விட்டது.

கடையில் இதையெல்லாம் கேட்ட திவ்யா, "எங்க வீடு மூணாவது மாடிக்கா. அங்க எந்த எருது வரப்போவுது?" என்று மணிப் பந்தையே வாங்கினாள். சாயங்காலம் வீடியோ அனுப்பினாள். அவள் நாய் மணிச் சத்தத்தைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிறது, வால் நிற்கவே இல்லை. பார்த்து முடித்ததும் பீரோவைத் திறந்து, பஞ்சுக்குள் சுற்றி வைத்திருந்த கரியனின் சலங்கையை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருமுறை ஆட்டினேன். கட்டிலுக்கடியில் குனிந்தும் பார்த்தேன்.