வேகம் வந்த வருஷம்

எண்ணூறு மீட்டர் என்பது இரண்டு சுற்று. முதல் சுற்றை யார் வேண்டுமானாலும் ஓடிவிடலாம். இரண்டாவது சுற்றின் முதல் பாதியில்தான் எல்லாம் முடிவாகும். அங்கே காற்று போதாது. தொடை கனக்கும், தாடை இறுகும், கண்ணின் ஓரங்கள் மங்கும். அந்த இடத்தில் வேகத்தை விடாதவள் ஜெயிப்பாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை நான் அங்கே விட்டுவிடுகிறவளாகத்தான் இருந்தேன்.

எங்களுக்கு ஆம்பூர். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் சோறு வடித்துக் குழம்பு வைத்து, எனக்கும் தனக்கும் டப்பாவில் கட்டிவிடுவாள். அதற்கு முன்பே நான் மைதானத்தில் இருப்பேன். பாலாற்றை ஒட்டிய வெறும் மண் மைதானம். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற டேனரி நாற்றம் தொண்டையில் வந்து உட்காரும். வெளியூர்ப் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரிவதே இல்லை.

பயிற்சி கொடுத்தவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர். அப்போது ஒரு தோல் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தார். எந்தப் பெண்ணிடமும் ஒரு தவறான பார்வை கிடையாது. மழை பெய்தாலும் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். ஊரில் அவரைப் பற்றி நல்ல வார்த்தைதான். இன்றைக்கும் அதை முழுசாக மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

எங்களில் வேகமானவள் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவள். அவள் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. பயிற்சி முடிந்ததும் மைதானத்து ஓரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிய டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையும் சோறுமாக முடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு எழுவாள். எனக்கும் ஒரு முட்டை கொடுப்பாள். அவளைத் தோற்கடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு ஆசை இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

ஒரு சனிக்கிழமை மாஸ்டர் எங்களைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். உப்புத் தோலை நிறுக்கிற பெரிய எடை மிஷின் அங்கே இருந்தது. அதன் மேல் ஒவ்வொருத்தியாக ஏறி நிற்கச் சொன்னார். உள்ளங்காலில் உப்புக் கல் குத்தியது. இறங்கியதும் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"உனக்கு மூச்சு இருக்கு, காலும் இருக்கு. லோடுதான் ஜாஸ்தி. இஞ்சின் ஒண்ணுதான்ம்மா. வண்டி லேசாச்சுன்னா தானா ஸ்பீடு ஏறும். அவளைப் புடிக்கணும்னா சோத்தைக் கம்மி பண்ணு."

ஜோலார்பேட்டைக்காரியிடமும் சோற்றைக் குறைக்கச் சொன்னார். அவள் தயங்கவே இல்லை.

"பசியோட என்னால ஓட முடியாது மாஸ்டர். தலை சுத்துது."

"அப்ப நீ சோறு திங்கற போட்டிக்குப் போ" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வருவதை நிறுத்திவிட்டு, அவள் ஊரிலேயே ரயில்வே ஆட்களோடு ஓட ஆரம்பித்தாள்.

நான் சோற்றைக் குறைத்தேன். வீட்டில் அதைச் செய்வது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அப்போது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, லெந்து நாட்கள் தொடங்கின. உபவாசம் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள். சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களிடம், "எங்க பாப்பா காலையில தண்ணியோட சரி" என்று பெருமையாகச் சொன்னாள். ஈஸ்டர் முடிந்தது. பழகிவிட்டது, வயிறு கேட்பதில்லை என்றேன். என் டப்பாச் சோற்றைக் கல்லூரி வாசலில் நாய்களுக்குப் போட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வேகம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய். கால் தரையில் படுவதே தெரியாமல் ஓடினேன். இரண்டாவது சுற்றில் கனக்கிற இடம் வந்தது, நான் விடவில்லை. மாஸ்டர் கையில் இருந்த வாட்சைப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டினார். அந்த ஒரு தட்டலுக்காக நான் இன்னும் ஒரு வருஷம் பட்டினி கிடந்திருப்பேன்.

அதே சமயத்தில் மாதவிலக்கு நின்றுபோனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. போட்டி நாளில் அந்தத் தொல்லை இல்லை, துணி கறையாகும் பயம் இல்லை. கூட ஓடிய இன்னொருத்தியிடம் சொன்னபோது, "எனக்கும் வர்றதில்லடி, ஜாலிதான்" என்றாள். நன்றாகப் பயிற்சி செய்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. மே மாத வெயிலிலும் எனக்குக் குளிரும். மைதானத்திலிருந்து திரும்பினால் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்னாடி, வெறும் எலும்பா இருக்கு?" என்பாள். ஓடுகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்பேன். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும், அவள் ஓடிப்போவாள்.

மழைக்காலத்தில் வலது தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது. ஓடும்போது வரும், உட்கார்ந்தால் போய்விடும். பிறகு நடக்கும்போதும் வந்தது. மாஸ்டர் தைலம் தேய்க்கச் சொன்னார். "சதைப் பிடிப்பு. வேலூர் மீட் முடியட்டும், ரெஸ்ட் எடுக்கலாம்."

வேலூரில் இறுதிப் போட்டிக்கு ஜோலார்பேட்டைக்காரியும் வந்திருந்தாள். தொடையும் தோளும் கெட்டிப்பட்டு, முன்பைவிடப் பெரிய பெண்ணாகத் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னாடி ஆச்சு உனக்கு? காய்ச்சலா?"

"ஒண்ணும் இல்ல. வெயிட் எறக்கியிருக்கேன்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் சுற்று முழுக்க நான்தான் முன்னால் இருந்தேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். வளைவில் திரும்பும்போது அவள் மூச்சு என் காதுக்குப் பின்னால் கேட்டது. நான் வேகத்தைக் கூட்டினேன். இடுப்புக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. காயாத குச்சியை ஒடிக்கிற மாதிரி. வலி அதற்கு அப்புறம்தான் வந்தது. வலது கால் எனக்குச் சொந்தமில்லாதது போல மடங்கியது. முகம் தரையில் அடித்தது. அவள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதில் தப்பு இல்லை, நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். அவள்தான் ஜெயித்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு, நிற்காமல் அப்படியே மைதானத்தின் குறுக்கே என்னிடம் ஓடிவந்து, மண்ணில் உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தொடை எலும்பு இடுப்போடு சேர்கிற கழுத்தில் முறிவு. ஓடுகிற வயசில் விழுந்து உடைகிற இடம் அது இல்லை என்று டாக்டர் சொன்னார். நடுத்தர வயதுப் பெண். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"பீரியட்ஸ் கடைசியா எப்பம்மா வந்தது?"

"ஈஸ்டருக்கு முன்னாடி" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

டாக்டர் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். உடம்பு லேசானால் கொஞ்ச நாளைக்கு வேகம் வரும். அது உண்மை. ஆனால் வேகத்தை உண்டாக்குவது இதயமும் ரத்தமும் சதையும். அவற்றுக்குத் தீனி இல்லை என்றால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தும். முதலில் மாதவிலக்கை நிறுத்தும். அது நின்றால் எலும்பு கரையும். "வலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ரெஸ்ட்டோட போயிருக்கும்" என்றார்.

ஆபரேஷன் செய்து ஆணி வைத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்த பிறகு, அம்மா கஞ்சியை ஸ்பூனில் எடுத்து என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் கட்டிக் குடுத்த சோத்தை எல்லாம் இன்னா பண்ண?"

சொன்னேன். அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். கஞ்சி ஆறியிருந்தது. அதை ஊட்டினாள், நான் குடித்தேன்.

மாஸ்டர் ஒரு தடவை வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். "பேட் லக்கும்மா" என்றார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. வலது கால் சற்றுக் குட்டை. இப்போது நான் ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஜோலார்பேட்டைக்காரிக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. இன்னும் ஓடுகிறாள். போன் பண்ணினால் முதலில் கேட்பது, "சாப்ட்டியாடி?"

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெண் மாஸ்டரிடம் சேர்ந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். சில மாதத்தில் அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. முதலில் மாஸ்டரிடம் போனேன். அவளையும் பட்டினி போடுகிறீர்களா என்று மைதானத்தில் வைத்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எத்தினி பொண்ணுங்களை ரெடி பண்ணியிருக்கேன். நீ ஒருத்திதான் உடைஞ்ச. அது உன் எலும்புல இருக்கற வீக்னஸ்ம்மா."

உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார் என்று தெரிந்தது. அதன் பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா எங்கள் கம்பெனிதான், வேறு ஷிஃப்ட். எனக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன். மாதவிலக்கைப் பற்றியும் சொன்னேன். அவள் டீ போட்டுக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டாள். பிறகு அலமாரி மேலிருந்த கோப்பையைக் காட்டினாள்.

"போன வாரம்தான்ம்மா ஃபர்ஸ்ட்டு வந்தா. காலேஜு சீட்டுக்கு ஆவும்னு மாஸ்டர் சொல்றாரு. இப்பப் போய் எப்படி நிறுத்தச் சொல்றது?"

டாக்டர் சொன்ன எதிலும் காலேஜ் சீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் டீயைக் குடித்து முடித்தேன். அந்தப் பெண் குளித்துவிட்டு வந்து வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். வெயில் அடிக்கிற காலையில், முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"குளுருதாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, இப்பெல்லாம் எப்பவுமே குளுருது" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாள். தெரு முனை வரைக்கும் ஓடியே போனாள். நல்ல ஓட்டம். என்னைவிட நல்ல ஓட்டம்.